பள்ளிப்பட்டிலிருந்து கெய்ரோவுக்கு: அரபு படிக்கப் போகலாமா?

பள்ளிப்பட்டு பேருந்து நிலையத்தருகே டீக்கடை வைத்திருப்பவருக்கு ஒரு மொழி போதாது. திருத்தணி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் தமிழில் டீ கேட்பார். நகரி, சித்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர் தெலுங்கில் கேட்பார். பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை தறி வீடுகளில் பாட்டி ஒரு மொழியில் திட்டுவதும், பேத்தி இன்னொரு மொழியில் பதில் சொல்வதும் அன்றாடம் நடப்பது. இதை ஒரு திறமை என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. வேலை விண்ணப்பத்தில் 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம் என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. கேட்டால், "தெலுங்கு வீட்டுல பேசுறதுதானே சார்" என்பார்கள்.

பிள்ளைகள் கணக்கில் சேர்க்காத அந்தத் தெலுங்கை நம்பித்தான் இந்தக் கட்டுரை. இரண்டு மொழிக்கு நடுவே வளர்ந்த ஒரு பிள்ளை மூன்றாவது மொழி ஒன்றைப் படிப்பதற்காகவே ஒரு முஸ்லிம் நாட்டுக்குப் போகலாம், போக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சென்னையிலும் கோவையிலும் ஜெர்மன், ஜப்பானிய மொழி வகுப்புகள் நிரம்பி வழிகின்றன. அரபு என்றால் மட்டும் "அது அவங்க மதத்துக்குப் படிக்கிறதாச்சே" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். அரபு ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அலுவல் மொழிகளில் ஒன்று. 1973-இல் அந்த இடத்தைப் பெற்றது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அரசு மொழி. அதைவிட முக்கியமாக, நம் மக்கள் லட்சக்கணக்கில் பிழைக்கப் போகிற நாடுகளின் மொழி.

எல்லைக்கு அந்தப் பக்கம் ராஜம்பேட்டை, ராயச்சோட்டி, கடப்பா என்று போனால், குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன பெண் இல்லாத தெருவைத் தேட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டிலும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத மாவட்டம் கிடையாது. கொத்தனார், டிரைவர், எலக்ட்ரீசியன், நர்ஸ் என்று ஐம்பது ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறோம். அங்கே போனவர்கள் அரபு கற்காமலும் இல்லை. கட்டட வேலையிடத்திலும் சமையலறையிலும் புழங்குகிற, வினைச்சொல் உருமாறாத, அரபும் இந்தியும் உருதுவும் கலந்த ஒரு பேச்சைப் பிழைப்புக்காகக் கற்றுக்கொண்டார்கள். 'போ', 'வா', 'சீக்கிரம்', 'நாளைக்கு', 'சம்பளம் இல்லை' எல்லாம் தெரியும். ஆனால் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது.

அந்தக் காகிதம் சாதாரணமானதில்லை. வளைகுடா நாடுகளின் நீதிமன்றங்கள் அரபியில் நடக்கின்றன. வேலை ஒப்பந்தத்தில் ஆங்கிலமும் அரபியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, இரண்டுக்கும் முரண் வந்தால், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் அரபிப் பகுதியே செல்லும். நம் ஆள் ஆங்கிலப் பகுதியையே ஏஜென்ட் சொல்லித்தான் புரிந்துகொண்டிருப்பார். பிரச்சினை என்று வந்தபின் தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இத்தனை லட்சம் பேரை அனுப்பிய நாம், அந்தக் காகிதத்தைத் தமிழில் படித்துச் சொல்கிற நூறு பேரையாவது உருவாக்கியிருக்க வேண்டாமா? எனக்கு இதில் வருத்தம் உண்டு, கோபமும் உண்டு.

தாய் தகப்பன் கேட்கிற கேள்விகள்

"அரபு நாட்டுக்குப் படிக்கவா?" என்றதும் வீட்டில் வருகிற முதல் கேள்வி பாதுகாப்பு. அடுத்தது மதம். மூன்றாவது சாப்பாடு. மூன்றும் நியாயமான கேள்விகள்.

முஸ்லிம் நாடு என்று ஒரே ஒரு நாடு கிடையாது என்பதைத்தான் முதலில் வீட்டில் விளக்க வேண்டும். சவூதியின் சட்டம் வேறு, துருக்கியின் சட்டம் வேறு. எகிப்தில் கணிசமான அளவில் காப்டிக் கிறித்தவர்கள் வாழ்கிறார்கள். தேவாலய மணியும் பாங்கும் ஒரே தெருவில் கேட்கும். ஓமானின் தலைநகர் மஸ்கட்டில் நூறாண்டு கடந்த சிவன் கோயில் இருக்கிறது. இந்தோனேசியாவில் அரசு ஏற்றுக்கொண்ட ஆறு மதங்களில் இந்து மதமும் ஒன்று. அங்கே போய் நான் இந்து என்றால், "ஓ, பாலியில் இருக்கிறார்களே, அவர்களைப் போலவா?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். மதம் என்ன என்று முகத்துக்கு நேரே கேட்பது இந்த நாடுகளில் பலவற்றில் ஊர் பேர் கேட்பதைப் போல. நம் ஊரில் சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த நேரடிக் கேள்வி முதலில் சுருக்கென்று இருக்கும். உண்மையைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தால் போதும். கெய்ரோவில் இந்தியர் என்று தெரிந்த மறுநிமிடமே பேச்சு அமிதாப் பச்சனுக்குப் போய்விடும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு விஷயம் சொன்னால் அம்மாக்களுக்கு நிம்மதி வரும். கெய்ரோவின் ஏழை பணக்காரர் எல்லோரும் சாப்பிடுகிற குஷரி என்ற உணவு முழுச் சைவம். அரிசி, கருப்புப் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறு, பொரித்த வெங்காயம். நம் கிச்சடியின் உறவுக்காரன் என்றே பலரும் சொல்வார்கள். காலையில் ஃபூல் என்கிற, மொச்சையைப் போன்ற அவித்த பயறும் ரொட்டியும். மொச்சைக்கொட்டைக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்நியமாக இருக்காது. இந்தோனேசியாவில் டெம்பே என்ற சோயா உணவும் காய்கறியும் மலிவு. ஆனால் அங்கே சைவக்காரர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும்: சட்னி மாதிரி தொட்டுக்கொள்ளத் தருகிற சம்பலில் பெரும்பாலும் இறால் விழுது கலந்திருக்கும்.

புத்தகத்து அரபும் தெருவின் அரபும்

கெய்ரோ போய் இறங்குகிற மாணவருக்கு விழுகிற முதல் அடி மொழியிலேயே விழும்.

இரண்டு மூன்று ஆண்டு கல்லூரியில் அரபு இலக்கணம் படித்து நல்ல மதிப்பெண்ணோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். விமான நிலையத்துக்கு வெளியே டாக்ஸிக்காரரிடம், "உரீது அன் அத்ஹப இலா மதீனத் நஸ்ர்" என்று பிழையே இல்லாமல் சொல்வார். மதீனத் நஸ்ர் போக விரும்புகிறேன் என்று பொருள். டாக்ஸிக்காரர் முகம் மலர்ந்து சிரிப்பார். பிறகு, "ஆயிஸ் திரூஹ் ஃபேன், யா பாஷா?" என்பார். மாணவருக்கு அதில் ஒரு சொல்கூட விளங்காது. அவரும் அதையேதான் கேட்கிறார்: எங்கே போகணும், பாஷா? மாணவர் பேசியது ஃபுஸ்ஹா எனப்படும் எழுத்து அரபு. செய்தி வாசிப்பு, பாடநூல், பள்ளிவாசல் உரை, நீதிமன்றம் எல்லாம் அதில். டாக்ஸிக்காரர் பேசியது ஆம்மியா, தெருவின் அரபு. பள்ளிப்பட்டு டவுன் பஸ்ஸில் ஏறி, "நடத்துநர் ஐயா, யான் திருத்தணி செல்ல விழைகின்றேன்" என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகுமோ அதுதான் அங்கே நடந்தது. கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிடுவார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

'என்ன' என்பதற்குப் புத்தகத்தில் 'மாதா', தெருவில் 'ஏ'. 'இப்போது' என்பதற்குப் புத்தகத்தில் 'அல்ஆன்', தெருவில் 'தில்வக்தி'. 'எப்படி' என்பதற்குப் புத்தகத்தில் 'கைஃப', தெருவில் 'இஸ்ஸாய்'. ஒலியும் மாறும். மற்ற அரபு நாடுகளில் ஜமால் என்று சொல்கிற பெயரைக் கெய்ரோக்காரர் கமால் என்பார், அந்தக் 'க'வையும் 'கங்கை'யின் முதல் எழுத்துபோல அழுத்தி. காப்பிக்குக் 'கஹ்வா' என்று படித்துவிட்டுப் போனால் அங்கே 'அஹ்வா'. முதல் எழுத்தைத் தொண்டையிலேயே விழுங்கிவிடுவார்கள்.

மேற்கு நாடுகளிலிருந்து அரபு படிக்க வருகிற பலர் இந்த இடத்தில் சோர்ந்துபோகிறார்கள். இத்தனை நாள் படித்தது வீணா என்று கேட்கிறார்கள். தமிழ்ப் பிள்ளை சோர்ந்துபோக வேண்டியதே இல்லை. வீட்டில் 'வந்துட்டுப் போறேன்' என்று பேசிவிட்டுப் பரீட்சையில் 'வந்துவிட்டுச் செல்கிறேன்' என்று எழுதித்தானே வளர்ந்தோம்? எழுத்து ஒன்று, பேச்சு ஒன்று என்று இரண்டையும் ஒரே மொழியாக மனத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு ஆறு வயதிலேயே வந்துவிடுகிறது. அதை யாரும் நமக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. 1988-இல் நோபல் பரிசு வாங்கிய நகீப் மஹ்ஃபூஸ், கெய்ரோவின் சந்துகளைப் பற்றியே எழுதியவர். ஆனாலும் தன் பாத்திரங்களை எழுத்து அரபியில்தான் பேச வைத்தார். உரையாடலுக்குப் பேச்சு வழக்கா, எழுத்து வழக்கா என்ற சண்டை நம் சிறுகதைக்காரர்களும் போட்டு முடித்த சண்டை. கெய்ரோ வகுப்பில் ஆசிரியர் இதை விளக்கும்போது தமிழ் மாணவர் பாதி கேட்டதுமே தலையாட்டிவிடுவார்.

இரண்டில் எதைப் படிப்பது என்று கேட்டால் இரண்டையும்தான் என்பேன். ஒப்பந்தத்தைப் படிக்கவும் மொழிபெயர்ப்பு வேலைக்கும் எழுத்து அரபு இல்லாமல் முடியாது. வாடகை பேச, மருந்துக்கடையில் வயிற்றுவலியைச் சொல்ல, நண்பர்களைச் சம்பாதிக்கத் தெரு அரபு வேண்டும். கெய்ரோவின் பேச்சுக்கு ஒரு கூடுதல் லாபமும் இருக்கிறது. எகிப்தின் சினிமாவும், 1975-இல் மறைந்த பாடகி உம்மு குல்தூமின் பாட்டும் போகாத அரபு வீடு இல்லை என்பதால், கெய்ரோ அரபு குவைத்திலும் புரியும், மொராக்கோவிலும் புரியும்.

எல்லைக்கார மாணவருக்கு மட்டும் உள்ள ஓர் அனுகூலத்தையும் சொல்ல வேண்டும். தமிழில் ஒரே 'ப' எழுத்து; சொல்லில் அது வருகிற இடத்தைப் பார்த்து ஒலி மாறும். அரபியில் 'பம்பரம்' என்பதன் முதல் எழுத்தொலி கிடையவே கிடையாது. அதன் இரண்டாவது 'ப'வின் ஒலி மட்டும் உண்டு. த, ட, ஸ வரிசைகளில் நாக்கை மேலே தூக்கிக் கனமாகச் சொல்கிற இன்னொரு ஜோடியும் உண்டு. தமிழ் மட்டுமே படித்த காதுக்கு இந்த வேறுபாடுகள் பிடிபட மாதங்கள் ஆகும். தெலுங்கில் க-வுக்கு நான்கு, த-வுக்கு நான்கு என்று எழுத்து இருக்கிறது. பள்ளிப்பட்டு வட்டாரத்தில் தெலுங்கு வழிப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் அந்த எழுத்துகளை எழுதிப் பழகியவர்கள். வீட்டில் மட்டும் பேசியவர்களுக்கும் காது பழகியிருக்கும். அடித்தொண்டையிலிருந்து வருகிற 'ஐன்' ஒலி மட்டும் எல்லோருக்கும் சமமாகக் கஷ்டம். அதற்கு நாள்தோறும் கண்ணாடி முன் நின்று பழகுவதைத் தவிர வழியில்லை.

அரபியின் உள்கட்டுமானமோ ஒரு பெரிய சந்தோஷம். மூன்று மெய்யெழுத்தை வேராக வைத்துக்கொண்டு உயிரை மாற்றி மாற்றிச் சொல் வளரும். க-த-ப என்ற வேரிலிருந்து 'கதப' எழுதினான், 'கிதாப்' புத்தகம், 'காதிப்' எழுத்தாளர், 'மக்தப்' அலுவலகம், 'மக்தபா' நூலகம். சில வேர்கள் கைக்கு வந்துவிட்டால் முன்பின் பார்க்காத சொல்லுக்கும் பொருள் ஊகிக்க வந்துவிடும். தொல்லை என்னவென்றால், அச்சில் குறில் உயிர்க் குறிகளைப் போடுவதில்லை. சொல் தெரிந்தால்தான் அதை உச்சரிக்கவே முடியும். முதல் ஆறு மாதம் பொறுமையைச் சோதிப்பது இதுதான்.

"வேண்டாம், இருக்கட்டும்"

மொழி வந்தாலும் வராமல் நிற்பது மரியாதை. கெய்ரோவில் பெரியவர்களிடம் 'இந்த', அதாவது 'நீ' என்று ஒருமையில் பேசக்கூடாது. 'ஹத்ரதக்' என்று சொல்ல வேண்டும். நமக்கு நீ, நீங்கள் என்று இருப்பதால் இது சுலபம். வயதான கடைக்காரரை 'யா ஹக்' என்று கூப்பிட்டால் அவர் முகமே மாறும். ஹஜ் போய் வந்தவருக்கான பட்டம் அது. போகாதவருக்கும் மரியாதைக்காகச் சொல்வார்கள்.

பாரசீகம் படிக்க டெஹ்ரானுக்குப் போகிறவர்களை இன்னொன்று தடுமாற வைக்கும். டாக்ஸியில் இறங்கும்போது எவ்வளவு என்று கேட்டால், ஓட்டுநர் "காபெல் நதாரே" என்பார். பெரிய விஷயமில்லை, பணமே வேண்டாம் என்கிற பாவனையில் சொல்வார். அதை நம்பி நன்றி சொல்லிவிட்டு நடந்துவிட்டால் பின்னாலேயே சத்தம் வரும். இரண்டு முறை, மூன்று முறை வற்புறுத்திப் பணத்தைக் கொடுக்க வேண்டும், பிறகு வாங்கிக்கொள்வார். தாரோஃப் என்று பெயருள்ள இந்த உபசாரத்தை வெளிநாட்டவருக்கான பாடநூல்கள் தனிப்பாடமாகவே வைக்கின்றன. பந்தியில் "போதும், போதும்" என்று இலையை மறைக்கிறவருக்கு இன்னொரு கரண்டி வைத்தாக வேண்டும் என்று தெரிந்த ஊர்க்காரருக்கு இதற்குத் தனிப்பாடம் தேவையில்லை.

எல்லைச் சண்டை கண்ட ஊரும் இந்தோனேசியாவும்

அரபியைத் தாண்டி நான் பள்ளிப்பட்டுப் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்கிற மொழி பஹாசா இந்தோனேசியா. உலகில் முஸ்லிம்கள் மிக அதிகம் வாழும் நாடுகளின் பேச்சு வந்தாலே இந்தோனேசியாவின் பெயர் முன்னால் நிற்கும். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 27 கோடி. நமக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாடு அது. சுமத்ராவின் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த கி.பி. 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு அங்கே இருந்ததைச் சொல்கிறது. மேடான் நகரில் புகையிலைத் தோட்டக் காலத்தில் குடியேறிய தமிழர்களின் வழிவந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களின் மாரியம்மன் கோயில் 1884-இல் எழுந்தது.

மொழி வரலாறு என்று பார்த்தால் எல்லைக்காரர்களுக்கு இந்த நாடு இன்னும் நெருக்கம். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகளும் அங்கே போயின. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகமும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை, 1959-ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் எல்லாம் கடந்து 1960 ஏப்ரல் 1 அன்றுதான் இவை சென்னை மாநிலத்துக்கு வந்தன. எந்த மொழிக்காரர் எந்த மாநிலத்தில் இருப்பது என்று கிராமம் கிராமமாகக் கணக்குப் பார்த்த மண் இது. கோட்டை எங்கே போட்டாலும் அந்தப் பக்கம் தமிழரும் இந்தப் பக்கம் தெலுங்கரும் இருக்கத்தான் செய்வார்கள். பத்தாம் வகுப்பில் தமிழ் கட்டாயம் என்று 2006 சட்டம் கொண்டுவந்தபோது தெலுங்குவழி மாணவர்கள் பட்ட பாடும் இந்த வட்டாரத்துக்குத் தெரியும்.

இந்தோனேசியாவில் நூற்றுக்கணக்கான மொழிகள். அவற்றில் மிகப் பெரியது ஜாவா மொழி. 1928 அக்டோபர் 28 அன்று படாவியாவில் கூடிய இளைஞர் மாநாடு, ஒரே மொழியாக எதை ஏற்பது என்று உறுதி எடுத்தபோது ஜாவா மொழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. துறைமுகங்களிலும் சந்தைகளிலும் பொதுவாகப் புழங்கிய, சிறுபான்மையினரே தாய்மொழியாகக் கொண்ட மலாய் மொழியை எடுத்து, அதற்கு இந்தோனேசிய மொழி என்று பெயர் வைத்தார்கள். ஜாவானியர்கள் ஒப்புக்கொண்டார்கள். பெரும்பான்மை மொழியைப் பொதுமொழியாக்குவதை எதிர்த்து 1938-இலும் 1965-இலும் சிறை சென்ற மாநிலத்திலிருந்து போகிற மாணவர், இதை அங்கேயே உட்கார்ந்து படிப்பதில் எவ்வளவு கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தாலே எனக்கு ஆர்வம் பொங்குகிறது. அந்த ஏற்பாட்டுக்கும் விலை உண்டு. சின்னச் சின்ன மொழிகள் பல அங்கே தேய்ந்து வருகின்றன. அதையும் அங்கே போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

படிக்கவும் அது எளிய மொழி. ரோமன் எழுத்து. எழுதியபடியே உச்சரிப்பு. வினைக்குக் காலம் காட்டும் விகுதி இல்லை, பால் வேறுபாடு இல்லை. யோக்யகர்த்தா நகரம் மாணவர்களாலேயே வாழ்கிறது. 1949-இல் தொடங்கிய கஜா மடா பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. 'கோஸ்' எனப்படும் வாடகை அறைகளில் மாணவர்கள் தங்குவார்கள். பெண்களுக்கென்றே தனி கோஸ் வீடுகள் உண்டு; ஆண் விருந்தினர் வாசலைத் தாண்ட முடியாது. வீட்டுக்கார அம்மாவை 'இபு' என்று கூப்பிட்டு, தெருவில் போகிற இளைஞரை 'மாஸ்' என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டு வாழ்கிற ஊர். முன்பின் தெரியாதவரை அண்ணா, அக்கா என்று அழைக்கிற பழக்கம் நம் எல்லையில் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொது என்பதால், அங்கே வாய் தானாக வந்துவிடும்.

ரமலான் மாதத்தில் அந்த ஊரின் நாள் தலைகீழாகிவிடும். விடியலுக்கு முன்பே நோன்பு உணவுக்கு எழுப்புவதற்காகப் பையன்கள் முரசடித்துக்கொண்டு தெருவில் போவார்கள். பகலில் பல உணவுக்கடைகள் மூடியிருக்கும், திறந்திருப்பவை துணி மறைப்புக் கட்டியிருக்கும். மாலையில் நோன்பு திறக்கும் நேரத்துத் தின்பண்டக் கடைகள் தெருவை அடைத்துக்கொள்ளும். யார் வந்தாலும் கையில் ஒரு பொட்டலம் தருவார்கள். பெருநாளுக்கு ஊரே சொந்த ஊர்களுக்குக் கிளம்பிவிடும், நம் பொங்கலுக்குக் கிளாம்பாக்கத்தில் கூடுகிற கூட்டம் அத்தனை தீவிலும். வெளிநாட்டு மாணவர் அந்த வாரத்துக்கு முன்கூட்டியே அரிசியும் முட்டையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வளைகுடா நாடுகளில் நோன்புப் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவது பல இடங்களில் சட்டப்படியே தவறு என்பதையும் மறக்கக்கூடாது.

பயமும் நியாயமும்

ஆபத்தே இல்லை என்று யாரிடமும் சொல்லமாட்டேன். ஒரு காலத்தில் உலகெங்குமிருந்து அரபு படிக்கிற மாணவர்கள் தேடிப்போன நகரங்கள் டமாஸ்கஸும் யேமனின் சனாவும். 2011-க்குப் பிறகு சிரியாவிலும், அதன்பின் சில ஆண்டுகளில் யேமனிலும் மூண்ட போர் அந்த வகுப்பறைகளை மூடிவிட்டது. அரபு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிற சர்வதேச நிறுவனம் ஒன்று இருந்த கார்ட்டூமில் 2023 ஏப்ரலில் சண்டை வெடித்தபோது, 'ஆபரேஷன் காவேரி' என்ற பெயரில் இந்திய அரசு நம்மவர்களை மீட்டது. 2024 மே மாதம் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர் விடுதிகளைக் கும்பல் தாக்கியபோது, மருத்துவம் படிக்கப் போன நம் பிள்ளைகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆகவே போய் இறங்கியதும் முதல் வேலை இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்வது. இரண்டாவது, தங்கும் அனுமதியைக் காலாவதி ஆகவிடாமல் புதுப்பிப்பது. சுற்றுலா விசாவில் போய் 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று சொல்கிற ஏஜென்டை நம்பக்கூடாது. ராணுவக் கட்டடம், போலீஸ், ஆர்ப்பாட்டம் பக்கம் கேமராவை நீட்டக்கூடாது. அந்த நாட்டு அரசியலைப் பற்றிச் சமூக ஊடகத்தில் கருத்துப் போடக்கூடாது. மொழி படிக்கிறவர் நிறையக் கேள்வி கேட்பவர். எதையும் குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பவர். சில நாடுகளில் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும் என்பதால் கல்லூரி அடையாள அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

கதவுகள்

காசு இருக்கிறவர்களுக்கு மட்டுமான வழி இது என்று நினைத்துவிட வேண்டாம். இந்தோனேசிய அரசு 1974-இல் ஆசியான் நாடுகளுக்காகத் தொடங்கி, பின்னர் மற்ற நாடுகளுக்கும் விரித்த 'தர்மசிஸ்வா' உதவித்தொகை, பட்டம் இல்லாத மொழி, கலைப் படிப்புக்கானது. கற்பிப்புக் கட்டணம் இல்லை. மாதச் செலவுக்குப் பணம் தருகிறார்கள். விமானச் செலவு யாருடையது என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். துருக்கி அரசின் 'துர்கியே புர்ஸ்லாரி' பட்டப்படிப்புக்கு முன் ஓராண்டு துருக்கி மொழியைக் கற்பித்து, விடுதி, மாத உதவி, விமான டிக்கெட் எல்லாம் தருகிறது. விண்ணப்பம் வழக்கமாக ஜனவரி, பிப்ரவரியில். கத்தார் பல்கலைக்கழகத்தில் பிறமொழியாளருக்கான அரபுப் படிப்பு இருக்கிறது. ஓமானில் மனா என்ற ஊரில் சுல்தான் காபூஸ் பெயரில் இதற்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. சான்றிதழ்களைச் சில நாடுகள் அப்போஸ்டில் முத்திரையோடு ஏற்கும், சில நாடுகளுக்குத் தூதரகச் சான்றொப்பமும் வேண்டும். இந்தோனேசியா 2022 முதல் அப்போஸ்டில் ஏற்கிறது. இந்த வேலைக்கு வாரங்கள் ஆகும். கடைசி நேரத்தில் ஓடக்கூடாது.

அதற்கு முன் இங்கேயே தொடங்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருதுத் துறை 1927 முதல் இருக்கிறது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியிலும் சென்னை புதுக்கல்லூரியிலும் அரபுத் துறைகள் உண்டு. பள்ளிப்பட்டுக்கு அதிக தூரமில்லாத வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் என்ற பழம்பெரும் அரபுக் கல்லூரி இருக்கிறது. இலங்கை, மலேசியாவிலிருந்தெல்லாம் கடல் கடந்து வேலூருக்கு வந்து மாணவர்கள் அரபு படித்துப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து இங்கே வந்து படித்த மொழியை நம் பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தும் எட்டிப் பார்க்கவில்லை.

படித்தவர்களுக்கு வேலை என்ன? இந்திய வெளியுறவுப் பணியில் சேர்கிற ஒவ்வோர் அதிகாரியும் ஒரு வெளிநாட்டு மொழியைக் கட்டாயம் கற்றுத் தேர்வு எழுத வேண்டும். அரபியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஐ.நா.வில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்த சென்னைக்காரர் டி.எஸ். திருமூர்த்தி தன் தூதரக வாழ்வைத் தொடங்கியது கெய்ரோவில். பாலஸ்தீனத்துக்கான இந்தியாவின் முதல் பிரதிநிதியாகக் காஸாவில் பணியாற்றியதும் அவர்தான். அவ்வளவு உயரம் வேண்டாம் என்றாலும், சென்னையின் மருத்துவமனைகளுக்குச் சிகிச்சைக்காக வருகிற ஓமான், யேமன், ஈராக் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்படுகிறார்கள். ஏற்றுமதி நிறுவனங்களுக்கும் சட்ட அலுவலகங்களுக்கும் தேவைப்படுகிறார்கள்.

தமிழ்நாடு அரசுக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென்றே ஓர் அரசு நிறுவனம் இயங்குகிறது. ஐரோப்பாவுக்குப் போகும் செவிலியர்களுக்கு ஜெர்மன் கற்றுத்தர அதனால் முடிகிறது. திருத்தணியில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டைப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து படிக்கிற கல்லூரி. அங்கே எந்த மதத்துப் பிள்ளையும் சேரக்கூடிய ஓர் அரபுச் சான்றிதழ் வகுப்பை மாலையில் நடத்தலாம். கடைசி பஸ் போவதற்குள் முடிகிற மாதிரி நேரம் வைத்தால் பெண் பிள்ளைகளும் சேர்வார்கள். ஆசிரியர் வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரலாம். அதில் தேறுகிற முதல் மூன்று பேருக்கு ஓராண்டு வெளிநாட்டு மொழிப் படிப்புக்கான பயணச் செலவை அரசு ஏற்கட்டும். அடுத்த கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க முடியும்.